தானுந்துச் சாளர மின்னோடி

தானுந்துச் சாளர மின்னோடி என்பது தானுந்துக் கதவின் உள்ளே பொருத்தப்பட்டு, சாளரக் கண்ணாடியை ஏற்றவும் இறக்கவும் பயன்படும் சிறிய நேர்மின்னோட்ட மின்னோடி ஆகும். பேச்சு வழக்கில் இது பவர் விண்டோ மோட்டார் என அறியப்படுகிறது. ஓட்டுநரோ பயணியோ ஓர் ஆளியை அழுத்தும்போது மின்னோடி சுழன்று, கதவினுள் உள்ள கண்ணாடி உயர்த்தியை இயக்குகிறது. பணிமனைகளில் இந்த உயர்த்தியை ரெகுலேட்டர் என்பர்.

பல ஆண்டுகள் பயன்பட்ட தானுந்துகளில் இம்மின்னோடி தேய்ந்து நின்றுவிடுவது பொதுவான பழுதாகும். எளிய கருவிகளைக் கொண்டு வீட்டிலேயே இதனை மாற்ற இயலும். எனினும் இவ்வேலையில் இரண்டு செய்திகள் முதன்மையானவை. கண்ணாடி அசையாததற்கு எப்போதும் மின்னோடியே காரணம் அன்று. காரணத்தை அறியாமல் மாற்றினால் புதிய மின்னோடியும் விரைவில் பழுதடையும். அடுத்து, கை நசுங்காமல் தடுக்கும் அமைப்புக் கொண்ட தானுந்துகளில், மின்னோடியை மாற்றிய பின் அவ்வமைப்பை மீண்டும் பதித்துச் சோதிக்காவிட்டால் அது வேலை செய்யாமல் போகலாம்.

வரலாறு

தொடக்ககாலத் தானுந்துகளில் கதவிலுள்ள கைப்பிடியைச் சுழற்றியே கண்ணாடி ஏற்றி இறக்கப்பட்டது. ஐக்கிய அமெரிக்காவின் பக்கார்ட் நிறுவனம் 1940 ஆம் ஆண்டின் இறுதியில், 1941 ஆம் ஆண்டுக்கான 180 வரிசைத் தானுந்துகளில் விசையால் இயங்கும் சாளரங்களை அறிமுகப்படுத்தியது. 1941 இல் ஃபோர்ட் நிறுவனமும் தன் லிங்கன் தானுந்துகளில் பெரிய வகைகளுக்கு இவ்வசதியை அளித்தது.

பக்கார்டின் சாளரங்கள் மின்னோடியால் நேரடியாக இயங்கவில்லை. மின்சாரத்தால் இயங்கும் எக்கி ஒன்று நீர்மத்தை அழுத்தத்துடன் செலுத்த, கதவுகளில் இருந்த உருளைகள் அவ்வழுத்தத்தால் கண்ணாடியை உயர்த்தின. இரண்டாம் உலகப் போருக்குப் பின் பியூக் நிறுவனமும் திறந்த கூரைத் தானுந்துகளில் இவ்வகை நீரியல் அமைப்பைப் பயன்படுத்தியது. கூரை, சாளரங்கள், முன் இருக்கை ஆகியன அதனால் இயங்கின. குழாய்களும் உருளைகளும் நாளடைவில் கசிந்தமை இவ்வமைப்பின் பெருங்குறையாகும். 1950 களில் ஒவ்வொரு கதவுக்கும் தனி மின்னோடி வைக்கும் முறை பரவி நீரியல் முறை கைவிடப்பட்டது.

முதலில் விலை உயர்ந்த தானுந்துகளுக்கு மட்டுமே உரியதாக இருந்த இவ்வசதி, பின்னர் சிறிய தானுந்துகளுக்கும் வந்து சேர்ந்தது. எடை குறைந்த நிலைக்காந்த மின்னோடிகளும், தகட்டுக் கைகளுக்குப் பதிலாக வந்த எஃகு வடங்களும் இதற்கு உதவின.

அமைப்பு

மின்னோடி

சாளர மின்னோடி 12 வோல்ட் மின்னழுத்தத்தில் இயங்கும் நிலைக்காந்த வகையைச் சேர்ந்தது. இதன் உலோகக் கூட்டின் உட்சுவரில் வளைந்த காந்தங்கள் ஒட்டப்பட்டிருக்கும். நடுவே செப்புக் கம்பி சுற்றப்பட்ட சுழலி அமைந்திருக்கும். சுழலியின் ஒரு முனையில் உள்ள செப்புப் பட்டைகளின் தொகுதி திசைமாற்றி எனப்படும். கரித்தூரிகைகள் எனப்படும் கரித்துண்டுகள் இரண்டு அதன்மேல் உரசி, சுழலிக்கு மின்சாரத்தைச் செலுத்துகின்றன. எளிய சாளர மின்னோடிக்கு இரண்டு கம்பிகளே உண்டு. அவற்றின் நேர்முனையையும் எதிர்முனையையும் இடம் மாற்றினால் சுழலும் திசையும் மாறும்.

புழுப் பற்சக்கரம்

மின்னோடியின் அச்சில் திருகு போன்ற புரி ஒன்று வெட்டப்பட்டிருக்கும். இது புழு எனப்படுகிறது. இப்புழு நெகிழியால் ஆன ஒரு பற்சக்கரத்தை இயக்குகிறது. ஒற்றைப் புரி கொண்ட புழு ஒரு முறை முழுதாகச் சுழன்றால், பற்சக்கரம் ஒரு பல் அளவே நகரும். இதனால் மின்னோடியின் மிகுவேகம் குறைந்து, முறுக்குவிசை பன்மடங்கு கூடுகிறது.

இவ்வமைப்புக்கு மற்றொரு பயனும் உண்டு. புழு சக்கரத்தைச் சுழற்றும். சக்கரம் புழுவைச் சுழற்ற இயலாது. எனவே மின்சாரம் நின்றவுடன் கண்ணாடி அந்த இடத்திலேயே பூட்டியதுபோல் நிற்கிறது. வெளியிலிருந்து ஒருவர் கண்ணாடியைக் கையால் அழுத்தி இறக்க முடியாமைக்கு இதுவே காரணம். கண்ணாடியைத் தாங்கி நிறுத்துவது மின்னோடியின் பற்சக்கரமே என்பதால், மின்னோடியைக் கழற்றும் நொடியில் அத்தாங்குதல் இல்லாமற் போகிறது.

கண்ணாடி உயர்த்தி

கண்ணாடி உயர்த்திகளில் இரண்டு வகைகள் மிகுதியாகக் காணப்படுகின்றன.

* கத்தரிக்கோல் வகை: இதில் தகட்டுக் கைகள் கத்தரிக்கோலைப் போல் விரிந்து சுருங்கும். மின்னோடியின் பற்சக்கரம் விசிறி வடிவிலான ஒரு பற்தகட்டை நகர்த்துகிறது. கண்ணாடியின் எடையை ஈடுசெய்யப் பலவற்றில் வலிமையான சுருள்வில் ஒன்றும் இருக்கும்.
* வட வகை: இதில் மெல்லிய எஃகு வடம் ஓர் உருளையில் சுற்றப்பட்டு, கப்பிகளின் வழியே செல்கிறது. வடத்துடன் பிணைந்த தாங்கி ஒரு தண்டவாளத்தின் மேல் ஏறி இறங்கும்போது கண்ணாடியும் உடன் செல்கிறது.

மின்சுற்று

பழைய தானுந்துகளில் மின்கலத்தின் மின்சாரம் உருகி, ஓட்டுநர் கதவிலுள்ள தலைமை ஆளி, அந்தந்தக் கதவின் ஆளி ஆகியவற்றின் வழியே மின்னோடியை அடைகிறது. ஆளி அழுத்தப்படாத நிலையில் மின்னோடியின் இரு கம்பிகளும் வண்டியின் உடற்சட்டத்துடன், அதாவது எதிர்முனையுடன், இணைந்திருக்கும். ஆளியை அழுத்தும்போது ஒரு கம்பி மட்டும் நேர்முனைக்கு மாறுகிறது. பயணியின் சாளரத்துக்கான மின்சாரமும் ஓட்டுநரின் தலைமை ஆளி வழியே செல்வதால், பயணியின் கண்ணாடி அசையாததற்குரிய பழுது ஓட்டுநர் கதவில் இருக்கக்கூடும்.

புதிய தானுந்துகளில் ஆளி ஒரு செய்தியை மட்டுமே அனுப்புகிறது. மின்னோடியுடன் சேர்ந்த கட்டுப்பாட்டகம் அதைப் பெற்று மின்னோடியை இயக்குகிறது. இத்தகைய மின்னோடிகளில் இரண்டுக்கு மேற்பட்ட கம்பிகள் இருக்கும்.

மின்னோடி மிகையாகச் சூடேறும்போது மின்சாரத்தைத் துண்டிக்கும் வெப்பக் காப்பு பல மின்னோடிகளின் உள்ளேயே அமைந்துள்ளது. கண்ணாடியைத் தொடர்ந்து பல முறை ஏற்றி இறக்கினால் அது திடீரென நின்று, சற்று நேரம் கழித்துத் தானே மீண்டும் இயங்குவது இக்காப்பின் செயலாகும். இதனைப் பழுதாகக் கருத வேண்டியதில்லை.

தேய்வும் காரணங்களும்

மின்னோடி தேய்வதற்கான காரணங்களுள் முதலாவது கரித்தூரிகைகளின் தேய்மானம் ஆகும். ஒவ்வொரு சுழற்சியிலும் கரி சிறிது சிறிதாகக் குறைந்து, இறுதியில் திசைமாற்றியை அது சரிவரத் தொடாத நிலை ஏற்படுகிறது. உதிரும் கரித்தூள் திசைமாற்றியின் இடைவெளிகளில் படிவதும் உண்டு. ஓட்டுநர் பக்கத்துச் சாளரமே மிகுதியாகப் பயன்படுவதால் அதன் மின்னோடி பெரும்பாலும் முதலில் தேய்கிறது.

இரண்டாவது காரணம் கூடுதல் சுமை. கண்ணாடியின் விளிம்புகள் இரப்பர்த் தடங்களினுள் நகர்கின்றன. பணிமனைகளில் இவை பீடிங் எனப்படும். வெயிலாலும் தூசியாலும் இரப்பர் காய்ந்து கடினமாகும்போது உராய்வு மிகுகிறது. உராய்வு மிகுந்தால் மின்னோடி மெதுவாகச் சுழன்று, மிகையான மின்னோட்டத்தை இழுக்கிறது. இதனால் சுருள்களும் தூரிகைகளும் சூடேறிக் கெடுகின்றன. வளைந்த தண்டவாளம், இழை பிரிந்த வடம், உடைந்த கப்பி ஆகியனவும் இதே விளைவைத் தரும்.

மூன்றாவது காரணம் நீர். சாளரத்தின் வெளி விளிம்பு வழியே மழைநீர் கதவினுள் இறங்குவது இயல்பே. அது வெளியேறக் கதவின் அடிப்பகுதியில் துளைகள் உள்ளன. இத்துளைகள் சேறும் சருகும் அடைத்துக் கொண்டால் நீர் தேங்கி, மின்னோடியும் இணைப்பான்களும் துருப்பிடிக்கின்றன.

இவற்றுள் முதலாவது மட்டுமே மின்னோடியின் இயல்பான முதுமை. மற்ற இரண்டும் மின்னோடிக்கு வெளியே உள்ள குறைகள். அவற்றைச் சரிசெய்யாமல் மின்னோடியை மட்டும் மாற்றுவது பயன் தராது.

பழுதைக் கண்டறிதல்

கதவைத் திறப்பதற்கு முன்பே பல செய்திகளை அறிய முடியும்.

* எந்தச் சாளரமும் இயங்கவில்லை எனில் உருகி, ரிலே, பொது இணைப்பு ஆகியவற்றை முதலில் பார்க்க வேண்டும். நான்கு மின்னோடிகளும் ஒரே நாளில் பழுதடைவது அரிது.
* பயணிகளின் ஆளிகள் மட்டும் இயங்கவில்லை எனில் ஓட்டுநர் கதவிலுள்ள பூட்டு ஆளி அழுத்தப்பட்டிருக்கலாம்.
* பயணியின் கண்ணாடி ஓர் ஆளியால் இயங்கி மற்றோர் ஆளியால் இயங்கவில்லை எனில், மின்னோடி நல்ல நிலையில் உள்ளது. பழுது ஆளியிலோ கம்பியிலோ உள்ளது.
* ஆளியை அழுத்தும்போது வண்டியின் உள்விளக்கு சற்று மங்கினால், மின்னோடிக்கு மின்சாரம் செல்கிறது. ஆனால் அது சுழல முடியாமல் இறுகியுள்ளது. விளக்கு சிறிதும் மங்காவிட்டால் மின்சாரம் பாயவில்லை எனக் கொள்ளலாம்.
* ஆளியை அழுத்தியபடி கதவின் உட்புறத்தைக் கையால் தட்டும்போது கண்ணாடி சற்று அசைந்தால், கரித்தூரிகைகள் தேய்ந்திருக்கும் வாய்ப்பு மிகுதி.
* மின்னோடி சுழலும் ஒலி கேட்டும் கண்ணாடி அசையவில்லை எனில், பற்சக்கரமோ வடமோ தாங்கியோ உடைந்துள்ளது.
* நொறுங்கும் ஒலியுடன் கண்ணாடி சாய்ந்தோ கதவினுள் விழுந்தோ போனால் பழுது உயர்த்தியில் உள்ளது.
* கதவைத் திறந்து மூடும்போது சாளரம் விட்டுவிட்டு இயங்கினால், கதவுக்கும் உடற்சட்டத்துக்கும் இடையே உள்ள இரப்பர்க் குழாயினுள் கம்பி அறுந்திருக்கலாம். கதவு திறக்கும் ஒவ்வொரு முறையும் இக்கம்பிகள் வளைவதே இதற்குக் காரணம்.

இறுதியான சோதனை மின்னோடியின் இணைப்பானில் செய்யப்படுகிறது. உள் அட்டையைக் கழற்றிய பின், இணைப்பான் மாட்டிய நிலையிலேயே மல்டிமீட்டரின் முனைகளை அதன் பின்புறம் செருகி, ஆளியை அழுத்தி மின்னழுத்தத்தை அளக்க வேண்டும். மின்கலத்தின் அழுத்தத்துக்கு நெருங்கிய அளவு வந்தும் மின்னோடி சுழலவில்லை எனில், மின்னோடி பழுதடைந்துள்ளது, அல்லது உயர்த்தி இறுகியுள்ளது. அழுத்தம் மிகவும் குறைந்து வந்தால் தேய்ந்த ஆளியோ துருப்பிடித்த இணைப்போ காரணமாகும். இணைப்பானைக் கழற்றி வைத்து அளந்தால் மின்னோட்டம் பாயாது. அந்நிலையில் கருகிய ஆளியும் முழு அழுத்தத்தைக் காட்டி ஏமாற்றக்கூடும்.

இரண்டு கம்பிகள் மட்டுமே கொண்ட எளிய மின்னோடியை, உருகி பொருத்திய கம்பிகளால் 12 வோல்ட் மின்கலத்துடன் நேரடியாக இணைத்தும் சோதிக்கலாம். கட்டுப்பாட்டகம் சேர்ந்த மின்னோடிகளில் இவ்வாறு செய்தால் மின்னணுப் பகுதிகள் எரிந்துவிடக்கூடும்.

மாற்றும் முறை

தானுந்துக்குத் தானுந்து சிறு வேறுபாடுகள் இருப்பினும், வேலையின் ஒழுங்கு பெரும்பாலும் ஒன்றே. அந்தந்த வண்டிக்குரிய பணிமனைக் கையேட்டை முதலில் படிப்பது நலம்.

ஆயத்தம்

திருப்புளிகள், மரையாணித் திறவுகோல்கள், உள் அட்டையை நெம்பும் நெகிழிக் கருவி, வலுவான ஒட்டுப்பட்டை, கையுறை ஆகியன தேவை. கதவின் உள் தகடுகளின் விளிம்புகள் கூர்மையானவை என்பதால் கையுறை இன்றி உள்ளே கை விடக்கூடாது.

இடக் கதவின் மின்னோடியும் வலக் கதவின் மின்னோடியும் கண்ணாடி பிம்பம் போல் எதிரெதிர் வடிவில் இருப்பது வழக்கம். ஆகவே பழைய மின்னோடியில் பொறித்துள்ள எண்ணை ஒப்பிட்டுப் பார்த்தே புதியதை வாங்க வேண்டும். வடம் இழை பிரிந்திருந்தால் மின்னோடியுடன் உயர்த்தியையும் சேர்த்து மாற்றுவதே நீடித்த தீர்வாகும்.

உள் அட்டையைக் கழற்றுதல்

வேலை தொடங்குமுன் மின்கலத்தின் எதிர்முனை இணைப்பு கழற்றப்பட வேண்டும். கதவிலோ இருக்கையிலோ பக்கக் காற்றுப்பை உள்ள தானுந்துகளில் இது கட்டாயமாகும். இணைப்பைக் கழற்றிய பின்னும் கையேடு கூறும் நேரம் வரை காத்திருத்தல் வேண்டும். சில தானுந்துகளில் வானொலிக்குரிய குறியெண் அழிந்துவிடும் என்பதால் அதை முன்னரே அறிந்து வைத்துக்கொள்வது நல்லது.

உள் அட்டை திருகாணிகளாலும் நெகிழிக் கிளிப்புகளாலும் கதவுடன் பிணைக்கப்பட்டுள்ளது. கைப்பிடியின் குழியிலும், கைத்தாங்கியின் அடியிலும், சிறு மூடிகளின் பின்னும் திருகாணிகள் மறைந்திருக்கும். இவை அனைத்தையும் கண்டு கழற்றிய பின்னரே கிளிப்புகளை நெம்ப வேண்டும். அட்டை எளிதில் வராவிட்டால் ஏதோ ஒரு திருகாணி எஞ்சியுள்ளது என்பது பொருள். பின்னர் அட்டையை மேல்நோக்கித் தூக்கி, ஆளிகளின் இணைப்பான்களையும் கைப்பிடியின் கம்பியையும் விடுவிக்க வேண்டும்.

அட்டைக்குப் பின்னால் ஒரு நெகிழித் தாள் ஒட்டப்பட்டிருக்கும். கதவினுள் இறங்கும் மழைநீர் வண்டியின் உட்புறம் வராமல் தடுப்பது இத்தாளே. கிழிக்காமல் பசையுடன் மெதுவாக உரித்து வைக்க வேண்டும்.

கண்ணாடியைத் தாங்குதல்

கண்ணாடியை முழுவதும் ஏற்றிய நிலையில் நிறுத்துவது எளிது. மின்னோடி சிறிதேனும் இயங்குமாயின் மின்கலத்தைக் கழற்றுமுன்பே கண்ணாடியை மேலே ஏற்றிவிட வேண்டும். பின்னர் வலுவான ஒட்டுப்பட்டையைக் கண்ணாடியின் ஒரு பக்கத்திலிருந்து கதவுச் சட்டத்தின் மேலாக மறுபக்கம் வரை பல வரிகளாக ஒட்டிக் கண்ணாடியைப் பிணைக்க வேண்டும். கண்ணாடி இறங்கிய நிலையில் நின்றுவிட்டால், அதனை உயர்த்தியுடன் இணைக்கும் மரையாணிகளைக் கழற்றிக் கையால் மேலே தூக்கிப் பிணைக்கலாம். கழற்றுமுன் மரையாணிகளின் இடத்தைக் குறித்துக்கொண்டால், மீண்டும் பொருத்தும்போது கண்ணாடி சாயாது.

பக்கக் கண்ணாடிகள் பெரும்பாலும் பதப்படுத்திய கண்ணாடியால் ஆனவை. பரப்பில் வலிமையாக இருப்பினும், விளிம்பில் உலோகக் கருவி பட்டால் இவை முழுவதும் சிறு துண்டுகளாக உதிர்ந்துவிடும்.

மின்னோடியைக் கழற்றுதல்

வட வகை உயர்த்திகளில் மின்னோடி பொதுவாக மூன்று திருகாணிகளால் உருளைக் கூட்டுடன் இணைக்கப்பட்டுள்ளது. மின்னோடியைப் பிரிக்கும்போது உருளை தன் இடத்தைவிட்டு வெளிவரலாகாது. அது வெளிவந்தால் சுற்றியுள்ள வடம் அவிழ்ந்துவிடும். அதனை மீண்டும் ஒழுங்காகச் சுற்றுவது கடினம்.

கத்தரிக்கோல் வகை உயர்த்திகளில் எச்சரிக்கை மிகுதியும் தேவை. இதன் சுருள்வில் எப்போதும் முறுக்கேறிய நிலையில் உள்ளது. இதுவரை அதைப் பிடித்து நிறுத்தியது மின்னோடியின் பற்சக்கரமே. மின்னோடியைக் கழற்றியவுடன் பற்தகடு பெரும் விசையுடன் சுழன்று, இடையில் உள்ள விரலை நசுக்கவோ துண்டிக்கவோ கூடும். ஆகவே முதலில் பற்தகட்டை உயர்த்தியின் சட்டத்துடன் ஒரு மரையாணியாலோ இறுக்கியாலோ அசையாமல் பிணைத்து, அதன் பின்னரே மின்னோடியின் மரையாணிகளைத் தொட வேண்டும்.

சில தானுந்துகளில் உயர்த்தி, தறையாணி எனப்படும் ரிவெட்டுகளால் கதவுடன் இணைக்கப்பட்டிருக்கும். உயர்த்தியையும் வெளியே எடுக்க நேர்ந்தால் தறையாணிகளின் தலையைத் துளைப்பொறியால் துளைத்து நீக்க வேண்டும். மீண்டும் பொருத்தும்போது அதே அளவுள்ள புதிய தறையாணிகளையோ, தளராத வகை மரையாணிகளையோ பயன்படுத்தலாம். துளைப்பதால் விழும் இரும்புத் துகள்களைக் கதவின் அடியில் விட்டுவைத்தால் அவை துருப்பிடித்து வடிகால் துளைகளை அடைக்கும்.

பொருத்துதலும் சோதித்தலும்

புதிய மின்னோடியைப் பொருத்துமுன் அதனை இணைப்பானில் மட்டும் மாட்டி இயக்கிப் பார்க்கலாம். இரு திசையிலும் சீராகச் சுழல்கிறதா என்பது அப்போதே தெரிந்துவிடும். இதற்காக மின்கலத்தை இணைக்கும்போது கைகள் உயர்த்தியின் அருகில் இருத்தல் கூடாது. காற்றுப்பை உள்ள வண்டிகளில் கழற்றிய எல்லா இணைப்பான்களும் மீண்டும் மாட்டப்பட்ட பின்னரே மின்சாரம் கொடுக்க வேண்டும். இல்லையேல் எச்சரிக்கை விளக்கு எரியத் தொடங்கும்.

மின்னோடி நீங்கியுள்ள இந்நேரமே, அதனைக் கெடுத்த காரணத்தை நீக்குவதற்கு உரிய நேரமாகும். உயர்த்தியிலிருந்து விடுபட்ட கண்ணாடியைக் கையால் மேலும் கீழும் நகர்த்திப் பார்த்தால் இரப்பர்த் தடங்களின் இறுக்கம் புலப்படும். தடங்களைத் துணியால் துடைத்துச் சிலிக்கோன் மசகைத் தெளிக்க வேண்டும். சாதாரண எந்திர எண்ணெயும் கிரீசும் இரப்பரை உப்பச் செய்து தூசியையும் ஈர்ப்பதால் தடங்களுக்கு ஏற்றவை அல்ல. உலோகக் கைகளுக்கும் பற்களுக்கும் கிரீஸ் இடலாம். வடிகால் துளைகளையும் இப்போதே தூய்மை செய்தல் வேண்டும்.

மின்னோடியைப் பொருத்திய பின் கண்ணாடியைச் சில முறை முழுவதும் ஏற்றி இறக்கிப் பார்த்து, அது சாயாமலும் உரசாமலும் செல்வதை உறுதி செய்ய வேண்டும். பின்னர் நெகிழித் தாளை முன்பிருந்தவாறு முழுமையாக ஒட்டி, உள் அட்டை மாட்டப்படுகிறது. தாளை ஒட்டாமல் விடுவதால் ஏற்படும் தீங்கு உடனே தெரியாது. அடுத்த மழையில் வண்டியின் தரைவிரிப்பு நனையும்போதுதான் அது வெளிப்படும்.

நிலையைப் பதித்தல்

ஒரு முறை தொட்டவுடன் முழுவதும் ஏறும் கண்ணாடிகளில், கை நசுங்காமல் தடுக்கும் அமைப்பு உள்ளது. இவ்வமைப்பில் மின்னோடியின் அச்சில் ஒரு சிறு வளையக் காந்தமும், அதனருகில் ஹால் உணரியும் பொருத்தப்பட்டிருக்கும். அச்சு சுழலும்போது உணரி துடிப்புகளை உண்டாக்குகிறது. துடிப்புகளின் எண்ணிக்கையைக் கொண்டு கண்ணாடி எங்கே உள்ளது என்பதையும், துடிப்புகளின் இடைவெளியைக் கொண்டு அது எவ்வளவு வேகமாக நகர்கிறது என்பதையும் கட்டுப்பாட்டகம் கணிக்கிறது. எதிர்பாராத இடத்தில் வேகம் குறைந்தால் தடை ஒன்று உள்ளது எனக் கொண்டு கண்ணாடி உடனே கீழிறக்கப்படுகிறது.

கண்ணாடி சட்டத்தின் மேல் விளிம்பைத் தொடும்போதும் வேகம் குறையவே செய்யும். அது சட்டமா, குழந்தையின் கையா என்பதைக் கட்டுப்பாட்டகம் துடிப்புகளின் எண்ணிக்கையைக் கொண்டே வேறுபடுத்துகிறது. மின்னோடியை மாற்றும்போதும், சிலவற்றில் மின்கலத்தைக் கழற்றும்போதும், இந்த எண்ணிக்கை பொருளற்றுப் போகிறது. ஆகவே மேல் எல்லையையும் கீழ் எல்லையையும் மீண்டும் பதிக்க வேண்டும். பல தானுந்துகளில் கண்ணாடியை முழுவதும் ஏற்றி ஆளியைச் சில நொடிகள் பிடித்திருப்பதும், முழுவதும் இறக்கி அவ்வாறே பிடித்திருப்பதும் போதுமானது. துல்லியமான முறை தானுந்துக்கு ஏற்ப வேறுபடும்.

பதிக்கப்படாத நிலையில் சில தானுந்துகளில் தானாக ஏறும் வசதி நின்றுவிடும். வேறு சிலவற்றில் கண்ணாடி வழக்கம்போல் ஏறும். ஆனால் தடையை உணராது. ஆகவே பதித்த பின் சோதித்தல் இன்றியமையாதது. சுருட்டிய துண்டையோ மென்மையான நுரைப்பொருளையோ சாளரத்தில் வைத்துக் கண்ணாடியை ஏற்றினால், அது அதனைத் தொட்டுத் திரும்பி இறங்க வேண்டும். இச்சோதனையை ஒருபோதும் கையை வைத்துச் செய்யலாகாது.

எடுத்துக்காட்டு: நெகிழி உருளைகள்

1980 களிலும் 1990 களிலும் ஃபோர்ட் நிறுவனம் அமெரிக்காவில் விற்ற பல தானுந்துகளின் சாளர மின்னோடிகள், பழுதைச் சரியாகக் கண்டறிவதன் பயனுக்கு நல்ல சான்றாகும். இவற்றில் பற்சக்கரத்துக்கும் வெளி அச்சுக்கும் இடையே மூன்று சிறிய நெகிழி உருளைகள் வைக்கப்பட்டிருந்தன. கண்ணாடி எல்லையை அடைந்து நிற்கும்போது உண்டாகும் அதிர்ச்சியை ஏற்பதே இவற்றின் பணி.

ஆண்டுகள் செல்ல இந்நெகிழி கடினமாகி நொறுங்கியது. அதன் பின் மின்னோடி வேகமாகச் சுழலும் ஒலி கேட்கும், கண்ணாடி அசையாது. மின்னோடியும் தூரிகைகளும் நல்ல நிலையில் இருந்தும், பலர் முழு மின்னோடியையும் மாற்றினர். பற்சக்கரத்தின் மூடியைத் திறந்து, நொறுங்கிய துகள்களை நீக்கி, புதிய மூன்று உருளைகளை வைத்துக் கிரீஸ் இட்டால் அதே மின்னோடி மீண்டும் பணியாற்றும். இவ்வுருளைகள் தனியாகவும் விற்கப்படுகின்றன. மின்னோடியின் விலையோடு ஒப்பிட்டால் இவற்றின் விலை மிகச் சிறிது.

இத்தானுந்துகள் சிலவற்றின் கதவுத் தகட்டில், மின்னோடியின் மரையாணிகளுக்கு நேராகச் சிறு குழிகள் இடப்பட்டிருந்தன. அவ்விடங்களில் துளையிட்டால் உயர்த்தியைக் கழற்றாமலேயே மரையாணிகளை அடைய முடியும். துளையிடும்போது பின்னால் கம்பியோ கண்ணாடியோ இல்லை என்பதை உறுதி செய்தல் வேண்டும்.

பாதுகாப்பு

கண்ணாடியை உயர்த்தும் விசை ஒரு குழந்தையின் கழுத்தையோ விரலையோ நசுக்கப் போதுமானது. தனித்து விடப்பட்ட குழந்தைகள் ஆளியின் மேல் முழங்காலை ஊன்றியதால் கண்ணாடி ஏறி உயிரிழப்புகள் நேர்ந்துள்ளன. இதனால் சாளரங்களுக்கான சட்டங்கள் உருவாயின.

* ஐக்கிய அமெரிக்காவில் 118 ஆம் எண்ணுடைய பாதுகாப்புத் தரம் 1971 இல் நடைமுறைக்கு வந்தது. திறவுகோல் உரிய நிலையில் இல்லாதபோது சாளரங்கள் மூடிக்கொள்வதை இது கட்டுப்படுத்தியது.
* 2005 இல் அந்நாட்டில் நிறைவேறிய சட்டம் ஒன்று, கண்ணாடியை ஏற்ற ஆளியை மேல்நோக்கியோ வெளிநோக்கியோ இழுக்க வேண்டும் எனக் கோரியது. அழுத்துவதால் கண்ணாடி ஏறாது என்பதால், முழங்கால் பட்டாலும் தீங்கு இல்லை.
* தானாக மூடும் சாளரங்கள் தடையின் மேல் 100 நியூட்டனுக்கு மிகுந்த விசையைச் செலுத்துமுன் திரும்ப வேண்டும் என அமெரிக்க விதிகளும் ஐக்கிய நாடுகளின் 21 ஆம் எண் ஒழுங்குவிதியும் கூறுகின்றன. இவ்விசை ஏறத்தாழ 10 கிலோகிராம் பொருளின் எடைக்குச் சமம். 4 மில்லிமீட்டர் முதல் 200 மில்லிமீட்டர் வரையிலான திறப்புகளுக்கு இது பொருந்தும்.

வீட்டில் சாளர மின்னோடியை மாற்றுபவர் இப்பாதுகாப்பு அமைப்பின் ஒரு பகுதியையே கழற்றி மாட்டுகிறார். பொருந்தாத ஆளியைப் பொருத்துவதும், உருகி எரிகிறது என்பதற்காக மிகுந்த ஆம்பியர் உருகியை இடுவதும் ஆபத்தானவை. முன்னது குழந்தைகளுக்குத் தீங்கு விளைவிக்கும். பின்னது கதவுக் கம்பிகளில் தீப்பற்ற வழிவகுக்கும்.

நீரில் மூழ்கும் தானுந்தில் மின்சாரம் தடைப்பட்டுச் சாளரங்கள் இயங்காமல் போகலாம். நீர் மட்டம் கண்ணாடிக்கு மேலே உயர்வதற்குள் அவற்றை இறக்கி வெளியேறுவதே வழி. கூர்முனைச் சுத்தியால் பதப்படுத்திய கண்ணாடியை உடைக்கலாம்; ஆனால் சில புதிய தானுந்துகளின் பக்கச் சாளரங்களில் உள்ள அடுக்குக் கண்ணாடியை இக்கருவிகள் உடைப்பதில்லை.

இவற்றையும் பார்க்க

* நேர்மின்னோட்ட மின்னோடி
* புழுப் பற்சக்கரம்
* ஹால் விளைவு
* உருகி
* பதப்படுத்திய கண்ணாடி